இடக்கை வளையல்

நீலக்கரை கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் தெரிவது கங்காணிக்குத்தான். அப்புறம் மேலாளருக்கு. சம்பந்தப்பட்டவளுக்குக் கடைசியில்தான் தெரியும், அதுவும் தெரிந்தால் உண்டு.

கங்காணி ஆளில்லை. தூத்துக்குடிக் கரையில் இறங்குகிற இறால் எந்தப் படகில் வந்தது, யார் தோலுரித்தது, எந்தப் பெட்டியில் உறைந்தது, கடலுக்கு அந்தப் பக்கம் எந்த ஊர்க் கடையில் யார் கூடைக்குள் போய் விழுந்தது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துக்கொள்கிற அமைப்பு. கம்பெனி அதற்கு நாலைந்து ஆங்கில எழுத்துகளைக் கோத்து ஒரு பெயர் வைத்திருந்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை. தாத்தன் பூட்டன் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு போன கங்காணிகளின் கதை இந்தக் கரையில் இன்னும் மறக்கவில்லை. அதனால் பெண்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். பொருத்தமான பெயர்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கையில் சாம்பல் நிறத்தில் ஒரு ரப்பர் பட்டையை மாட்டிவிடுவார்கள். அதற்குப் பெண்கள் வைத்த பெயர் வளையல். அதுதான் கதவைத் திறக்கும், அதுதான் வருகை போடும். கூடவே நாடித்துடிப்பு, உடம்புச் சூடு, தூக்கம், நடை எல்லாவற்றையும் கங்காணியிடம் ஓதிக்கொண்டே இருக்கும். வெட்டினால் அலறும். "எல்லாம் உங்கள் நலனுக்காக" என்று சுவரில் ஒரு சிரித்த பெண்ணின் படத்தோடு எழுதியிருந்தது. அந்தப் படத்துப் பெண்ணின் கையில் வளையல் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

முதலில் போனவள் பேச்சித்தாய். நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று ஒரு செய்தி வந்தது: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, நன்றி. என்ன தப்புச் செய்தேன், என்ன தப்புச் செய்தேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்குப் போன சில நாளில்தான் அவளுக்கே தெரிந்தது, உண்டாகியிருக்கிறாள் என்று. அடுத்து ஒருத்தி போனாள், அவளுக்கும் அதே கதை. மூன்றாமவள் போனபோது பெண்களுக்குப் புரிந்துவிட்டது. நாள் தள்ளிப்போனதை அவள் விரல்விட்டு எண்ணி நிச்சயம் செய்வதற்கு முன்னாலேயே அவள் நாடியில் கங்காணி எண்ணி முடித்துவிடுகிறது.

கம்பெனிக்காரர்கள் சட்டம் தெரியாதவர்களா என்ன? கர்ப்பிணியை வேலையை விட்டு எடுத்தால் குற்றம். ஆனால் அவள் கர்ப்பிணி என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கே தெரியாதே! ஒப்பந்தம் முடிந்தது, அனுப்பினோம், அவ்வளவுதான். என்ன நேர்த்தியான அயோக்கியத்தனம்!

பெண்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கை சுருங்கும். அப்போது இன்னொருத்தியின் மணிக்கட்டை அதோடு ஒட்டிவைத்து, வளையலை மெல்ல வழுக்கி அவள் கைக்கு ஏற்றிவிட வேண்டும். துடிப்பு அறுந்ததே கங்காணிக்குத் தெரியாது. அப்புறம் ஆலைக்குள் அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டு விலகக் கூடாது. கதவில் சேர்ந்து நுழைய வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும், கழிப்பறைக்குக்கூட ஒன்றாகப் போக வேண்டும். வயிறு வெளியே தெரிகிற மட்டும் இப்படி ஓட்டிவிட்டால் போதும். தெரிந்த பிறகு கம்பெனியால் வாய் திறக்க முடியாது, சட்டம் வந்து நிற்கும். இந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் வளைகாப்பு. சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வளையலைச் சுமக்கிறவள் உண்டாகாதவளாக இருக்க வேண்டும், இனியும் உண்டாக மாட்டாதவளாக இருந்தால் இன்னும் நல்லது. அதனால்தான் எல்லாரும் ஜெனோவாவைத் தேடி வந்தார்கள். அவளுக்கும் ததேயுஸுக்கும் கல்யாணமாகி வருஷம் பல ஓடிவிட்டது. இரண்டு தரம் தங்கவில்லை. அதன் பிறகு மாமியார் ஏசுவதைக்கூட நிறுத்திவிட்டாள். வரிசையில் கை வேகம் அவளுக்குத்தான் அதிகம், வாய் வேகமும் அவளுக்குத்தான்.

"எம்மேல கங்காணிக்குச் சந்தேகமே வராதுட்டி. நான் பட்ட மரம்னு அதுக்கு எப்பமோ எழுதிக் குடுத்தாச்சு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு இறாலின் தலையை ஒரே திருகில் கிள்ளி எறிவாள்.

முப்பிடாதி அவளுக்குப் பக்கத்தில் நின்று தோலுரிப்பவள். புருஷன் லிங்கதுரை லாரியில் அடிபட்டு, கால் உடைந்து வீட்டோடு கிடந்தான். அடுப்பு எரிவது இவள் ஒருத்தியால்தான். ஒருநாள் காலையில், வேலை தொடங்கும் முன்பே, ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யக்கா, எனக்குப் பயமா இருக்குக்கா."

"என்னட்டி?"

"நாலு நாளு தள்ளிப்போச்சு. நேத்து கருவாட்டு வாடைக்கே கொமட்டிக்கிட்டு வந்துச்சு."

ஜெனோவா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொறாமைதான், வேறென்ன. அது வந்த வேகத்திலேயே அவள் வெட்கப்பட்டாள்.

"அட கள்ளி! காலு ஒடிஞ்சவன வச்சிக்கிட்டு என்னட்டி வேல பாத்த?"

"சும்மா இரிக்கா!" முப்பிடாதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "இது போச்சுன்னா சோத்துக்கு வழியில்லக்கா. அவரு இன்னும் எந்திரிச்சு நடக்கல."

"அழாத. கையக் குடு."

இரண்டு பேரும் தொட்டிக்குள் கையை விட்டார்கள். எலும்புக்குள் குளிர் ஏறியது. முப்பிடாதியின் வளையல் வழுக்கிக்கொண்டு ஜெனோவாவின் இடக்கைக்கு வந்து சேர்ந்தது. வலக்கையில் அவளுடையது, இடக்கையில் இவளுடையது. மேலே கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

"இந்தா பாரு முப்பி, வாயக் கட்டு. என்னைய விட்டு அங்க இங்க நவுராத. நான் எங்க போறனோ நீயும் அங்க. கேட்டியா?"

"உம்ம விட்டு எங்கக்கா போவப்போறேன்" என்றாள் முப்பிடாதி.

அப்படியே நாட்கள் ஓடின. ஒட்டிப்பிறந்தவர்கள் வருகிறார்கள் என்று வரிசையே கேலி செய்தது. முப்பிடாதிக்கு வாந்தி வரும்போதெல்லாம் ஜெனோவா அவளை மூன்றாம் நம்பர் அறைக்குக் கூட்டிப்போவாள். அது உறைந்த பெட்டிகளை அடுக்குகிற பெரிய குளிர்க் கூடம். உள்ளே எல்லாம் இயந்திரக் கைகள்தான், பெட்டியைத் துடைத்துச் சீட்டு ஒட்ட மட்டும் இரண்டொரு பெண்கள் போய்வருவார்கள். அங்கே இறால் நாற்றமே இருக்காது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியில் உட்கார்ந்து நாலு மூச்சு இழுத்துவிட்டால் அவளுக்குத் தெளிந்துவிடும். கர்ப்பிணிகள் உள்ளே வரக் கூடாது என்று கதவில் எழுதிப் போட்டிருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இருட்டி எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கூடத்துக் காற்றை மாற்றிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். காற்றில் உள்ள பிராணவாயுவை எடுத்துவிட்டு வேறு வாயுவை நிரப்புவார்கள். தீப்பிடிக்காது, சரக்கு கெடாது. ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கூடம் எப்போதெல்லாம் காலியாகிறதோ அப்போதெல்லாம் உடனே மாற்றிவிடலாம் என்று அந்த வாரம் கங்காணி தானாகவே ஒரு முடிவு எடுத்திருந்தது. அறிவிப்பு மேற்பார்வையாளர்களின் திரைக்கு வந்தது. ஒரு நாளைக்கு நூறு அறிவிப்பு வருகிற திரை அது. யார் படித்தார்கள்?

அந்த வாரத்தில் ஒருநாள். கூடத்தில் வேறு யாரும் இல்லை. முப்பிடாதிக்கு நிற்கவே முடியவில்லை. ஜெனோவா அவளை அணைத்துக்கொண்டு கதவைத் திறந்து, பெட்டி மேல் உட்கார வைத்தாள். அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் வைகுண்டமணி அண்ணாச்சி தோலுரிக்கிற வரிசைப் பக்கமிருந்து கத்தினார்.

"ஜெனோவா! பெல்ட்டு தேங்கிக் கெடக்கு, எங்கம்மா போய்த் தொலஞ்ச?"

"இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி!" என்று குரல் கொடுத்துவிட்டு முப்பிடாதியிடம் குனிந்தாள். "நீ இங்கனயே இரி. ரெண்டு தட்ட எறக்கிட்டு ஓடியாறேன்."

"போய்ட்டு வாக்கா. எனக்கு இப்பம் தேவல" என்று முப்பிடாதி பெட்டியில் சாய்ந்தாள்.

ஜெனோவா வெளியே வந்தாள். கதவு சாத்தியது. கங்காணியின் கணக்கில் இரண்டு வளையல் உள்ளே போனது, இரண்டு வளையல் வெளியே வந்தது. கூடம் காலி.

தட்டு இரண்டோடு நிற்கவில்லை. பெல்ட்டைச் சரிசெய்து, தேங்கியதை அள்ளித் திரும்பிப் பார்த்தபோது, மூன்றாம் நம்பர் கதவுக்கு மேலே நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் போன பிறகு எரிய வேண்டிய விளக்கு. பட்டப்பகலில் எரிந்தது.

அவள் ஓடிப்போய் வளையலைக் கதவில் காட்டினாள். திறக்கவில்லை. இன்னொரு கையையும் காட்டினாள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

"அண்ணாச்சி! இந்தக் கதவக் கொஞ்சம் தொறங்க!"

"ஏம்மா?"

இந்த இடத்தில்தான் ஜெனோவா அந்தத் தப்பைச் செய்தாள். உள்ளே முப்பிடாதி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் முப்பிடாதியின் வேலை போகும், தன் வேலை போகும், இந்த வரிசையில் இன்னும் யார் யார் கையில் யார் யார் வளையல் இருக்கிறதோ அத்தனை பேர் வேலையும் போகும். கங்காணியிடம் பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கு பழகியிருந்தது. பொய்தான் முதலில் வந்தது.

"என் கம்மல் உள்ள விழுந்துருச்சு அண்ணாச்சி. பொட்டிக்குள்ள போய்ட்டா வம்பாயிரும்லா?"

வைகுண்டமணி நல்ல மனிதர்தான். கையிலிருந்த பலகைத் திரையில் தட்டிக் கேட்டார். பதில் உடனே வந்தது. அவர் அதைப் படித்துக் காட்டினார்: "ஏத்துமதிக்கு முன்னாடி உலோகச் சோதனையில கண்டுபிடிச்சிருவோம், இப்பம் கதவத் தொறக்கத் தேவையில்லன்னு போட்டுருக்கு. பொறவு எடுத்துக்கிடலாம்மா, கம்மல் எங்க போவுது?"

"இல்ல அண்ணாச்சி, தங்கக் கம்மல், எங்கம்மா போட்டது…" அவள் குரல் உடைந்தது. அவர் மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே பதில். நேரம் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சட்டென்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான்?

"அண்ணாச்சி, உள்ள முப்பிடாதி இருக்கா!"

வைகுண்டமணி திரையைப் பார்த்தார். "முப்பிடாதியா? அவ உங்கூடத்தானே நிக்கான்னு காட்டுது."

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. கணினி அறைக்கு ஓடினாள். கங்காணியைப் பார்த்துக்கொள்ளும் சாலமோன் அங்கேதான் இருப்பான். படித்தவன், புன்னைக்காயல் பையன், பெண்களை அக்கா என்று கூப்பிடுகிறவன்.

"சார், மூணாம் ரூமத் தொறங்க சார்! முப்பிடாதி உள்ள கெடக்கா!"

சாலமோன் திரையைத் திருப்பினான். "பதறாதீங்கக்கா. அவங்க இந்த ரூம்லதான இருக்காங்க? துடிப்பு கொஞ்சம் வேகமா இருக்கு, அவ்வளவுதான்."

ஜெனோவா இடக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பி, அவசரம் என்ற கட்டத்தைத் தட்டினான். உள்ளே இருப்பவர் பெயர் என்று கேட்டது. முப்பிடாதி என்று போட்டான். மேற்படி நபர் கணினி அறையில் நலமாக உள்ளார், கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று வந்தது.

"நலமாவா? நாசமாப் போவ!" என்று ஜெனோவா திரையை அறைந்தாள். "அந்தக் காத்து என்ன செய்யும் சார்? மூச்சு முட்டுமா? கதவத் தட்டுவாளா?"

"முட்டாதுக்கா. அதுதான் மோசம். தூக்கம்தான் வரும்." அவன் இழுப்பறையைக் கிளறிக் கத்தரிக்கோலை எடுத்தான். "வளையல வெட்டுறேன். துடிப்பு நின்னுட்டா அது காப்பாத்த ஓடி வந்தே ஆகணும். கதவெல்லாம் திறந்துரும்."

வெட்டினான். திரை சிவந்தது. ஆலை முழுக்கச் சங்கு அலறியது. முப்பிடாதிக்கு இதயம் நின்றுவிட்டது என்று எல்லாத் திரைகளிலும் வந்தது. இடம், கணினி அறை.

மூச்சுக் கருவியையும் தூக்குப் படுக்கையையும் தூக்கிக்கொண்டு முதலுதவி ஆட்கள் கணினி அறைக்கு ஓடிவந்தார்கள். வழியில் இருந்த கதவுகள் எல்லாம் அவர்களுக்குத் தானாகத் திறந்து வழிவிட்டன. மூன்றாம் நம்பர் கதவு மட்டும் திறக்கவில்லை, அது வழியில் இல்லையே. வந்தவர்கள் ஜெனோவாவைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தார்கள். "நான் இல்லடே, நான் இல்ல! அங்க போங்க!" என்று அவள் கையைக் காலை உதறிக் கத்தினாள். அவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. வந்தது ஜெனோவாவின் உயிர் மட்டும்தான்.

கடைசியில் வைகுண்டமணிதான் பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டிவந்து கதவில் மோதினார். மூன்றாம் மோதலில் கதவு பிளந்தது. பெட்டியில் சாய்ந்து, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. எப்பேர்ப்பட்ட அசதி என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ஜெனோவா அவள் கன்னத்தைத் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள்தான் அவளை இழுத்து அப்புறப்படுத்தினார்கள்.

மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மறுநாள் கம்பெனியின் அறிக்கை லிங்கதுரைக்கு வந்தது. ஊன்றுகோலோடு ஜெனோவாவின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"மயினி, அவ கம்ப்யூட்டர் ரூம்ல நெஞ்சடச்சுச் செத்தான்னு போட்டுருக்காங்க. உங்க பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கும்போதே. நெசமா?"

"இல்ல கொழுந்தனாரே."

"அப்பம் எங்க செத்தா?"

ஜெனோவாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் சொல்லுதேன். எல்லாருக்கும் முன்னால சொல்லுதேன்" என்றாள்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் சாலமோன் மாதா கோவில் மைதானத்துக்கு அவளைக் கூப்பிட்டனுப்பினான். கடற்காற்று மண்ணை வாரியடித்துக்கொண்டிருந்தது. அவன் தன் போனில் இரண்டு கோடுகளைக் காட்டினான். இரண்டும் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடின.

"இது உங்க வளையல். இது முப்பிடாதியோடது. ரெண்டும் துடிப்புக்குத் துடிப்பு ஒண்ணாப் போகுது பாருங்க. ரெண்டு பேருக்கு இப்படி வரவே வராது. இதக் காட்டினா, ரெண்டு வளையலும் ஒரே ஆளுகிட்டதான் இருந்துச்சுன்னு எவனும் மறுக்க முடியாது. கூடத்துக்குள்ள இருந்தது முப்பிடாதிதான்னு ஆயிரும்."

"அப்பம் காட்டுங்க சார். எதுக்கு யோசிக்கீங்க?"

அவன் போனை மடக்கிப் பையில் வைத்தான். மறுபடியும் எடுத்தான்.

"முப்பிடாதி ஒப்பந்தத்த மாசக் கடைசியில முடிக்கச் சொல்லி, கங்காணி மூணு வாரத்துக்கு முன்னாடியே குறிச்சு வச்சிருச்சுக்கா. பேச்சித்தாய்க்குப் போட்ட அதே குறி."

"அது எப்படி? அவ வளையல அவ போடவே இல்லையே. அது எங்கையிலதானே…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சாலமோன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க பேருக்கும் அதே நாள்ல குறி போட்ருக்குக்கா" என்றான்.

எத்தனை மெழுகுவர்த்தி, எத்தனை நேர்த்திக்கடன்! தலை தலையாய் அடித்துக்கொண்டு கேட்டபோதெல்லாம் வராதது, இப்போதா வரும்? ஜெனோவாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைப்பானேன், நெஞ்சு வெடிக்கிற சந்தோஷம். அதன் பின்னாலேயே முப்பிடாதியின் முகம் வந்தது. அவள் அப்படியே மணலில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நாளைக்கு நீங்க பேசாம இருந்தா இந்தக் கோட்ட யாரும் பாக்கப்போறதில்ல" என்றான் சாலமோன். "குறிய நான் அழிச்சுருவேன். வயிறு தெரியிற வரைக்கும் யாராவது உங்க வளையலச் சுமப்பாங்க. உங்க வரிசையில நிக்கிற சகாயராணி அக்கா சுமக்கேன்னு சொல்லிட்டாங்க."

"அவகிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"மன்னிச்சிருங்கக்கா. உங்களுக்கு ஒரு வழி வேணும்லா."

மறுநாள் விசாரணை அறையில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மாலினி மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளர். ஓரத்தில் லிங்கதுரை. மாலினி மேடம் மென்மையாகப் பேசுகிறவர்.

"ரொம்ப வருத்தமான விஷயம்தான். ஆனா டேட்டா தெளிவா இருக்கு. மூணாவது கூடத்துல அப்போ யாருமே இல்லை. இறந்தது கணினி அறையில. பதற்றத்துல உடலை எங்கயோ தூக்கிட்டுப் போயிருக்காங்க, அவ்வளவுதான். ஜெனோவா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஜெனோவா லிங்கதுரையின் கால்களைப் பார்த்தாள். அப்புறம் வலக்கையை நீட்டி மேசை மேல் வைத்தாள்.

"சொல்லணும் மேடம். ரெண்டு வளையலும் எங்கையில இருந்துச்சு. சார், அந்தக் கோட்டக் காட்டுங்க."

சாலமோன் எழுந்து சுவர்த் திரையில் காட்டினான். ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது வேண்டாமே" என்றார் மாலினி மேடம் அவசரமாக. "ஜெனோவா, இதுல உங்க சொந்த விஷயமும் இருக்கு. இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். எனக்குத் தெரியதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியும்லா?" அவள் குரல் ஏறியது. "கர்ப்பிணி உள்ள வரக் கூடாதுன்னு அந்தக் கதவுல நீங்கதான எழுதிப் போட்டுருக்கீங்க? ரெண்டு வளையலும் உண்டாயிருக்குன்னு கங்காணிக்கு மூணு வாரமாத் தெரியும். அன்னிக்கு ரெண்டயும் கொண்டுபோய்க் காட்டுனேன், கதவு ஏன் தொறந்துச்சு? மாட்டேன்னு சொல்லிருந்தா அவ இன்னிக்கு இருப்பாளே! வேலைய விட்டு எடுக்கத் தெரிஞ்சுது, கதவச் சாத்தத் தெரியலியா?"

ஆய்வாளர் சாலமோனைப் பார்த்தார்.

"கதவுக்கு அது தெரியாது சார்" என்றான் அவன். "ஆளெடுக்குற பக்கத்துக்கு மட்டும்தான் தெரியும். கதவுக்குச் சொல்ல வேண்டாம்னு உத்தரவு. சொன்னா, கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்னு எழுத்துல வந்துரும்."

லிங்கதுரை ஊன்றுகோலைத் தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். வேறொன்றும் அவனால் செய்ய முடியவில்லை.

அறிக்கை திருத்தப்பட்டது. முப்பிடாதி மூன்றாம் கூடத்தில்தான் இறந்தாள் என்று அச்சில் வந்தது. லிங்கதுரை அதைச் சாமி படம்போல் சுவரில் ஒட்டி வைத்தான். சாலமோனுக்கு வேலை போனது, வளையலை மாற்றிய மோசடிக்கு என்று சொல்லி ஜெனோவாவுக்கும் போனது. வளையலை வாசலில் வைத்து அவர்களே முறையாகக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இனிமேல் இப்படி நடக்கக் கூடாது, அமைப்பின் ஒரு பக்கத்துக்குத் தெரிவது இன்னொரு பக்கத்துக்கும் தெரிய வேண்டும் என்று ஆய்வாளர் உத்தரவு போட்டார். ஜெயித்துவிட்டோம் என்று பெண்கள் கைதட்டினார்கள். ஜெனோவாவும் அப்படித்தான் நம்பினாள்.

வயிறு மேடிட்ட பிறகு ஒருநாள் மத்தியானம் சகாயராணி வீட்டுக்கு வந்தாள். வேலை நாளில் வந்திருக்கிறாளே என்று ஜெனோவா நினைத்தாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, "புது ஏற்பாடு எப்படிட்டி இருக்கு? செஞ்சுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"செஞ்சுட்டாங்க யக்கா. ஆர்டர்ல போட்டத அச்சுப் பெசகாமச் செஞ்சுட்டாங்க. இப்பம் கதவுக்கும் தெரியும்."

"நல்லதாப் போச்சு."

"காலையில வந்த ஒடன எல்லாரும் வரிசையா மூணாம் நம்பர் கதவு முன்னால போய் நிக்கணும். ஒவ்வொருத்தியாக் கையக் காட்டணும், பாதுகாப்புச் சோதனையாம். ஒருத்தி கைய இன்னொருத்தி தொட்டா இப்பம் அலறுது, வளைகாப்பெல்லாம் முடிஞ்சு போச்சு. கதவு தொறந்தா வேலைக்குப் போவலாம். தொறக்கலன்னா நம்ம நல்லதுக்காக வீட்டுக்கு அனுப்பிருவாங்க. வேலைய விட்டு எடுக்கலியாம், பாதுகாப்பு விடுப்பாம். சம்பளம் கெடையாது. கேட்டா, ஜெனோவா கேட்டதத்தான செஞ்சோம்ங்காங்க."

அவள் கேட்டதைத்தான் செய்திருந்தார்கள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"எல்லாரும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிப்போம்க்கா, அந்தக் கதவு முன்னால" என்றாள் சகாயராணி. டம்ளரைக் கீழே வைத்தாள். வலக்கை மணிக்கட்டில், வளையல் இருந்த இடம் வெயில் படாமல் வெளிறிக் கிடந்தது. அதை இடக்கையால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு எனக்குத் தொறக்கல."